மாப்பிள்ளை தேடிக் கப்பல் ஏறிய அத்தை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், கோவளத்தைத் தாண்டியதும் திருவிடந்தை என்று ஓர் ஊர் வருகிறது. அங்கே இருக்கும் பெருமாளின் பெயர், நித்தியகல்யாணப் பெருமாள்.

பெயருக்கு ஒரு கதை உண்டு. காலவ முனிவருக்கு 360 பெண்கள். ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதற்குள்ளேயே தகப்பனுக்கு நரை விழுந்து விடுகிறது. 360 பெண்களுக்கு எங்கே போவது? முனிவர் திருமாலை வேண்டினார். பெருமாள் ஒரு பிரம்மச்சாரியாக வந்தார். நாளுக்கு ஒரு பெண்ணாக எல்லாரையும் மணந்துகொண்டார் என்கிறது தல புராணம்.

இன்றைக்கும் கல்யாணம் தள்ளிப்போகும் பெண்களும் பிள்ளைகளும் அங்கே மாலையோடு வருகிறார்கள். பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றுகிறார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாகத் திரும்பி வந்து நன்றி சொல்லிப் போகிறார்கள்.

இந்தக் கடற்கரை வழியாக 1752-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் போனாள். அவளுக்கும் மாப்பிள்ளைதான் வேண்டும். ஆனால் அவளுக்குக் காலவ முனிவரைப் போலக் கவலைப்படத் தகப்பன் இல்லை. தாயும் இல்லை. கையில் காசும் இல்லை.

அவள் பெயர் பிலடெல்பியா ஆஸ்டின். அவளுடைய அண்ணன்மாரோ தம்பிமாரோ யாரும் நமக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் அல்ல. ஆனால் அவளுடைய சகோதரர் ஜார்ஜுக்குப் பின்னால் பிறந்த ஒரு மகளை உலகமே அறியும். அவர்தான் ஜேன் ஆஸ்டின். "பிரைடு அண்டு பிரெஜுடிஸ்" என்ற நாவலை எழுதியவர். "கர்வமும் தப்பெண்ணமும்" என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

கல்யாணத்தைப் பற்றி உலகத்தில் எத்தனையோ கதைகள் உண்டு. சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, சிரித்து முடித்த பிறகு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிற கதை அது.

முதலில் அத்தையின் கதையைக் கேளுங்கள்.

ஆறு மாதக் கப்பல் பயணம்

பிலடெல்பியா 1730-ல் பிறந்தாள். தகப்பனார் ஒரு வைத்தியர். தாய் சீக்கிரமே இறந்துபோனாள். தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். பிறகு அவரும் இறந்துபோனார். குழந்தைகளை உறவினர்கள் பங்கு போட்டு வளர்த்தார்கள்.

ஆண் பிள்ளையான ஜார்ஜ் நன்றாகப் படித்தார். பாதிரியார் ஆனார். பெண்ணை யார் படிக்க வைப்பார்கள்? பதினைந்து வயதில் லண்டனில் பெண்களுக்குத் தொப்பியும் அலங்கார உடுப்பும் தைக்கும் கடையில் தொழில் பழக விட்டார்கள்.

தைத்துப் பிழைக்கிற பெண்ணை அந்தஸ்து உள்ள வீட்டில் யாரும் மருமகளாக ஏற்க மாட்டார்கள். அந்தஸ்து இல்லாத வீட்டுக்கு அவளை அனுப்ப உறவினர்களுக்கு மனம் வராது. இரண்டும் கெட்டான் நிலை!

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் நம் நாட்டில் ஏராளமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பணம் இருந்தது, பெண் கிடைக்கவில்லை. சீமையில் பெண்கள் இருந்தார்கள், சீதனம் இல்லை. கம்பெனியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பெண்கள் கப்பல் ஏறினார்கள்.

பிற்காலத்தில் இப்படி வந்த பெண்களுக்கு வெள்ளைக்காரர்களே "மீன்பிடிப் படை" என்று கேலிப் பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளை என்ற மீனைப் பிடிக்க வருகிறார்களாம்! வலை வீசியவள் அவளா, வலையில் விழுந்தவள் அவளா என்று யாரும் கேட்கவில்லை.

1752 ஜனவரியில் "பாம்பே காசில்" என்ற கப்பலில் பிலடெல்பியா ஏறினாள். வயது 21. ஆப்பிரிக்கா கண்டத்தைச் சுற்றிக்கொண்டு கப்பல் வந்தது. ஆகஸ்டு மாதம்தான் சென்னை வந்து சேர்ந்தது.

சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நின்றுவிடும். கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறி, அலையில் குலுங்கிக் குலுங்கிக் கரைக்கு வரவேண்டும். சீமையிலிருந்து பட்டுடுத்தி வந்த பெண்கள் உப்புத் தண்ணீரில் நனைந்துதான் சென்னையில் கால் வைத்தார்கள்.

செங்கற்பட்டில் பீரங்கிச் சத்தம்

அவள் போகவேண்டிய இடம் சென்னை அல்ல. கடலூருக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை.

சென்னையிலிருந்து கடலூருக்குக் கடல் வழியாகப் போனாலும் சரி, தரை வழியாகப் போனாலும் சரி, செங்கற்பட்டுச் சீமையைத் தாண்டாமல் போக முடியாது. அப்போது மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கம் இல்லை. ஆனால் கடற்கரைக் கோயிலின் விமானம் மாலுமிகளுக்கு நல்ல அடையாளம். "ஏழு கோயில்" என்று அவர்கள் அந்த இடத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் வந்த சமயம் நல்ல சமயம் அல்ல. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த மண்ணுக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். கோவளம் கோட்டையும் செங்கற்பட்டுக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. அதே 1752-ல் ராபர்ட் கிளைவ் படையோடு வந்து இரண்டையும் பிடித்தார். இன்று நாம் ரயிலில் செங்கற்பட்டைக் கடக்கும்போது, கொளவாய் ஏரியின் பக்கத்தில் ஜன்னல் வழியே தெரிகிற கோட்டைச் சுவர்தான் அது.

கிளைவுக்கும் ஒரு பெண் கப்பலில் வந்தாள். மார்கரெட் மாஸ்கலின் என்று பெயர். கிளைவின் நண்பருடைய தங்கை. 1753 பிப்ரவரி 18-ஆம் தேதி சென்னையில் கல்யாணம் நடந்தது. நடத்தி வைத்த பாதிரியார் யார் தெரியுமா? பப்ரீஷியஸ்! தமிழில் பைபிளை மொழிபெயர்த்து, தமிழ் அகராதியும் தொகுத்தாரே, அதே பப்ரீஷியஸ் ஐயர்.

நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 22-ஆம் தேதி கடலூரில் பிலடெல்பியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டைசோ சால் ஹான்காக். கோட்டையில் வைத்தியர். கரை இறங்கி ஆறே மாதத்தில் காரியம் முடிந்துவிட்டது. பெண் பார்த்தல், மனம் பொருந்துதல் எல்லாம் அந்த ஆறு மாதத்துக்குள்தான்.

பிறகு இருவரும் வங்காளம் போனார்கள். 1761-ல் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எலைசா என்று பெயர். பின்னால் கவர்னர் ஜெனரல் ஆன வாரன் ஹேஸ்டிங்ஸ்தான் ஞானத்தந்தை. அந்தக் குழந்தைக்கு அவர் 10,000 பவுன் எழுதி வைத்தார். போதாதா ஊருக்கு? வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கிளைவ்கூடத் தம் மனைவிக்கு, அந்த அம்மாளோடு பழகாதே என்று கடிதம் எழுதினார். எவரும் எதையும் நிரூபிக்கவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

1765-ல் குடும்பம் சீமைக்குத் திரும்பியது. பணம் கரைந்தது. ஹான்காக் மட்டும் 1768-ல் மறுபடியும் கல்கத்தாவுக்கு வந்தார். மனைவியையும் மகளையும் அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. 1775-ல் அங்கேயே இறந்துபோனார்.

இடையில் ஒரு சமயம், மகளை அழைத்துக்கொண்டு இந்தியா வரலாமா என்று மனைவி கேட்டாள். ஹான்காக் சம்மதிக்கவில்லை. இளம் பெண்ணுக்கு இந்தியா ஏற்ற இடம் அல்ல என்று எழுதிவிட்டார்.

கப்பலில் வந்த பெண்ணை மணந்தவர்தான் அவர்! தன் மகள் என்று வந்தபோதுதான் அவருக்கு அது சரியில்லை என்று பட்டது.

பதினாறு வயதில் எழுதிய பதில்

ஜேன் ஆஸ்டின் பிறந்தது 1775 டிசம்பர் 16. ஹான்காக் இறந்த அதே ஆண்டு. ஜேன் நம் நாட்டைப் பார்த்ததே இல்லை. ஆனால் அத்தையும் அத்தை மகளும் அடிக்கடி வீட்டுக்கு வந்து போவார்கள். அத்தையின் கதை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

1792-ல் அத்தை இறந்தார். அதே ஆண்டில் ஜேன் ஒரு கதை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினாறு. அந்தக் கதையில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண் வருகிறாள். உறவினர் அவளைக் கப்பல் ஏற்றி வங்காளத்துக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே அவளைவிட இரு மடங்கு வயதான பணக்காரருக்குக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள்.

இதைப் பற்றி இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். பணக்காரப் புருஷன் கிடைத்துவிட்டான், வேறென்ன வேண்டும் என்கிறாள் ஒருத்தி. மற்றவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிழைக்க வேறு வழியே இல்லாமல், முன்பின் தெரியாதவனைத் தேடி அவ்வளவு தூரம் போவதை அதிர்ஷ்டம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

இந்தக் கேள்வியைத்தான் அவர் ஆயுள் முழுவதும் எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்து பெண்களும் ஒரு பத்திரமும்

"கர்வமும் தப்பெண்ணமும்" 1813 ஜனவரி 28-ஆம் தேதி வெளிவந்தது. அந்தக் கதை நம் வீட்டுக் கதை போலவே இருக்கும்.

பென்னட் என்று ஒரு கிராமத்துப் பெரிய மனிதர். வருஷம் 2,000 பவுன் வருமானம். ஐந்து பெண்கள். பிள்ளை இல்லை.

சொத்து இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று கேட்பீர்கள். அங்கேதான் முடிச்சு! அந்தச் சொத்தை ஆண் வாரிசுக்கே போகும்படி முன்னோர்கள் பத்திரத்தில் கட்டிவிட்டார்கள். பென்னட் கண்ணை மூடினால் வீடும் நிலமும் காலின்ஸ் என்ற தூரத்துப் பங்காளிக்குப் போய்விடும். மனைவியும் பெண்களும் நடுத்தெருவில் நிற்கவேண்டியதுதான். அந்த அந்தஸ்தில் உள்ள பெண் வேலைக்கும் போகக் கூடாது. மிஞ்சிப் போனால் யார் வீட்டிலாவது குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம்.

ஆகவே ஐந்து பெண்களுக்கும் கல்யாணம்தான் சொத்து. கல்யாணம்தான் சோறு.

பக்கத்து ஊருக்கு பிங்லி என்ற வாலிபர் குடி வருகிறார். வருஷம் நாலாயிரம், ஐந்தாயிரம் வருமானம். தாயாருக்கு இருப்புக் கொள்ளவில்லை! அவரோடு டார்சி என்ற நண்பர் வருகிறார். அவருக்குப் பத்தாயிரம். நடன மண்டபத்துக்குள் அவர் வந்த கையோடு அந்தக் கணக்கு எல்லார் வாயிலும் புரள்கிறது. நம் ஊரில் மாப்பிள்ளை காரை விட்டு இறங்குவதற்குள் சம்பளம், சொந்த வீடு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் பந்தி வரைக்கும் போய்விடவில்லையா?

டார்சிக்குக் கர்வம். பென்னட்டின் இரண்டாவது மகள் எலிசபெத்தை அழகு போதாது என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிடுகிறார். அவளுக்கு ரோஷம். அன்று முதல் அவர் எது செய்தாலும் அவளுக்குத் தப்பாகவே தெரிகிறது. இவருடைய கர்வமும் அவளுடைய தப்பெண்ணமும் கரைந்து இருவரும் ஒன்று சேருவதே கதை.

அத்தனையும் உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. சொல்லிவிட்டால் படிக்கிற ருசி போய்விடும்.

முறை தப்பிய மாப்பிள்ளைகள்

ஒரு வேடிக்கையை மட்டும் சொல்கிறேன். சொத்துக்கு வாரிசான காலின்ஸ் பாதிரியார் வருகிறார். பெண்களின் சொத்து தமக்கு வரப்போகிறதே, அதில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டால் பாவம் தீர்ந்துவிடும் என்று அவருக்கு எண்ணம். எலிசபெத்திடம் போய்த் தாம் ஏன் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார் என்பதற்குக் காரணங்களை வரிசையாக அடுக்குகிறார். அந்த வரிசையில் அன்பு என்பது கடைசிவரை வரவே இல்லை! அவள் மாட்டேன் என்கிறாள். அவருக்குப் புரியவில்லை. பெண்கள் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்வார்கள் என்கிறார்.

நம் முறைப்படி பார்த்தால் இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. தகப்பன் வழிப் பங்காளி, பெண்ணுக்கு அண்ணன் முறை. நம் வீட்டுப் பாட்டிமார் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்கள்.

அதேபோல லேடி கேதரின் என்று ஒரு சீமாட்டி. டார்சியின் தாயாருக்கு உடன்பிறந்தவள். அதாவது டார்சிக்குப் பெரியம்மாவோ சின்னம்மாவோ ஆகவேண்டும். அவள் தன் மகளை டார்சிக்கே கட்டிவைக்கத் துடிக்கிறாள். அக்காள் தங்கை பிள்ளைகளுக்குள் கல்யாணமா என்று நமக்குத் தூக்கிவாரிப் போடும்! சீமையில் அது தப்பில்லை. நம் அத்தை மகன், மாமன் மகள் வழக்கம் அவர்களில் சிலருக்கு எப்படி விநோதமோ அப்படி.

தொண்டை நாட்டில் ஒரு வஞ்சப்புகழ்ச்சி

ஜேன் ஆஸ்டின் யாரையும் திட்டி எழுதுவதில்லை. புகழ்வதுபோல் சொல்வார். ஒரு நிமிஷம் கழித்துத்தான் சுருக்கென்று தைக்கும்.

இது நமக்குப் புதிது அல்ல. வஞ்சப்புகழ்ச்சி என்று நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. அதுவும் இந்தத் தொண்டை நாட்டிலேயே நடந்த பழங்கதை ஒன்று உண்டு. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினான். உன் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் சொன்னார். மேலாகக் கேட்டால் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. உனக்குப் போர் செய்தே பழக்கம் இல்லை என்பது உள்ளே இருக்கும் பொருள்.

ஜேன் ஆஸ்டினும் இப்படித்தான் நாவலைத் தொடங்குகிறார். பணக்காரப் பிரம்மச்சாரிகளுக்குப் பெண் தேவைப்படுகிறது என்பதை ஊர் ஒப்புக்கொண்ட வேத வாக்குபோல எடுத்துவைக்கிறார். நாம் தலையை ஆட்டுகிறோம். ஐந்து பெண்களையும் பத்திரத்தையும் பார்த்த பிறகு புரிகிறது. தேவை அவனுக்கு அல்ல. சோற்றுக்கு வழியில்லாமல் போகப்போகிற பெண்களுக்குத்தான் அவன் தேவை.

சிரிக்கப்படுகிற தாயார்

நாவலில் எல்லாரும் பார்த்துச் சிரிப்பது தாயார் பென்னட் அம்மாளைத்தான். எந்நேரமும் மாப்பிள்ளைப் பேச்சு. இடம் பொருள் தெரியாமல் சத்தம் போட்டுப் பேசுவாள். நரம்புத் தளர்ச்சி என்று புலம்புவாள். படித்த மகளுக்கு அவளைப் பார்த்தால் வெட்கம்.

தகப்பனாரோ புத்திசாலி. நூல்நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு மனைவியைக் கிண்டல் செய்வார். நமக்கும் முதலில் அவரைத்தான் பிடிக்கும்.

இரண்டாம் தடவை படித்துப் பாருங்கள். பிள்ளை பிறப்பான், பத்திரக் கட்டை அவிழ்த்துவிடலாம் என்று நம்பி அவர் ஒரு காசுகூடச் சேர்த்து வைக்கவில்லை. ஐந்தும் பெண்ணாகப் பிறந்த பிறகும் சேர்க்கவில்லை. பெண்கள் தெருவில் நிற்பார்களே என்று அந்த வீட்டில் தினமும் கவலைப்பட்டது யார்? எல்லாரும் சிரித்த அந்த அம்மாள்தான். அவள் வழி கோணல், பேச்சு அசட்டுத்தனம். கவலை மட்டும் நூற்றுக்கு நூறு நியாயம்.

கடைசிப் பெண் லிடியாவுக்குப் பதினாறு வயதுதான். விக்காம் என்ற ராணுவக்காரனோடு ஓடிப்போகிறாள். பணம் கைக்கு வந்தால்தான் தாலி கட்டுவேன் என்கிற ரகம் அவன். (சீமையில் மோதிரம், நமக்குப் புரியத் தாலி என்கிறேன்.) அவனுடைய கடன் ஆயிரம் பவுனுக்கு மேல். அதை அடைத்து, அவளுக்கும் ஆயிரம் பவுன் எழுதி வைத்து, அவனுக்கு உத்தியோகமும் வாங்கித் தந்து கல்யாணத்தை முடிக்கிறார்கள். அந்தப் பணத்தை ரகசியமாகக் கொடுத்தவர் யார் என்பது கதையின் நல்ல இடங்களில் ஒன்று. மாப்பிள்ளைக்குப் பணம் கட்டி மானம் காப்பாற்றும் கொடுமையை நாம் சீமையிலிருந்து கற்கவில்லை. அவர்களும் நம்மிடமிருந்து கற்கவில்லை.

வியாபாரப் பணமும் நிலத்துப் பணமும்

பிங்லியின் தகப்பனார் வியாபாரத்தில் சம்பாதித்தவர். அவருடைய பெண்களுக்கு அது சௌகரியமாக மறந்துபோய்விட்டது! எலிசபெத்தின் மாமா லண்டனில் வியாபாரி என்று கேட்டதும் மூக்கைச் சுளிக்கிறார்கள். மூட்டை தூக்கிய தாத்தாவின் படத்தை உள்ளறைக்கு மாற்றிவிட்டு, ஹாலில் வேறு படம் மாட்டுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

கடைசியில் கதை முழுவதிலும் மிகவும் கண்ணியமான மனிதர் அந்த வியாபாரி மாமாதான். கர்வம் பிடித்த டார்சியே அவரோடு உட்கார்ந்து நட்பாகப் பழகுகிறார்.

லேடி கேதரின் சீமாட்டியையும் பென்னட் அம்மாளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவருக்கும் கேளாமலே யோசனை சொல்லும் பழக்கம். இருவருக்கும் மகள் கல்யாணம்தான் மூச்சு. இருவருக்கும் நாகரிகம் குறைவு. ஒருத்தியிடம் பணம் இருப்பதால் ஊர் கைகட்டி நிற்கிறது. மற்றவளைப் பார்த்துச் சிரிக்கிறது. இந்த ஒற்றுமையை ஆசிரியர் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தச் சீமாட்டி ஒருநாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, டார்சியை மணக்கமாட்டேன் என்று சத்தியம் செய் என்று எலிசபெத்தை மிரட்டுகிறாள். அவர் கனவான், நான் ஒரு கனவானின் மகள், இதில் உயர்வு தாழ்வு எங்கே இருக்கிறது என்கிற பொருளில் அவள் திருப்பிக் கொடுக்கிறாள். கல்யாணத்தைத் தடுக்க வந்த அந்தப் பயணமே கல்யாணத்தை நடத்தி வைக்கிறது!

சார்லட் செய்தது தப்பா?

எலிசபெத் வேண்டாம் என்ற காலின்ஸை, மூன்றே நாளில் அவளுடைய சிநேகிதி சார்லட் சம்மதித்து ஏற்றுக்கொள்கிறாள். வயது 27. பெரிய அழகு இல்லை. பணம் இல்லை. காலின்ஸ் அசடு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு வீடு வேண்டும். அண்ணன் தம்பிக்குப் பாரமாக இருக்கக் கூடாது.

எலிசபெத்துக்குக் கோபம் வருகிறது. படிக்கிற இளம் பெண்களுக்கும் கோபம் வரும். எனக்கு வருவதில்லை. டார்சி போல ஒருவர் வந்து சேருவது கதையில் நடக்கும். பெண்களில் பெரும்பாலோர் சார்லட்டுகளாகத்தான் வாழ்ந்தார்கள். பிலடெல்பியா அத்தையும் ஒரு சார்லட்தான். ஒரே வித்தியாசம், சார்லட் சீமைக்குள்ளேயே வேறோர் ஊருக்குப் போனாள். அத்தை கடலூருக்கு வந்தாள்.

ஜேன் ஆஸ்டினுக்கும் அந்தச் சோதனை வந்தது. 1802 டிசம்பரில் ஹாரிஸ் பிக்-விதர் என்ற வாலிபர் பெண் கேட்டார். பெரிய வீடு, பெரிய நிலம். மணந்தால் தாய்க்கும் அக்காளுக்கும்கூட ஆயுசுக்கும் கவலை இல்லை. ஜேன் சரி என்றார். இரவு கழிந்தது. மறுநாள் காலையில் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு விலை கொடுக்காமல் இல்லை. 1805-ல் தகப்பனார் இறந்ததும் தாயும் இரண்டு பெண்களும் சகோதரர்கள் தந்த பணத்தில் வாழவேண்டியதாயிற்று. 1809-ல்தான் ஒரு சகோதரர் நிரந்தரமாகக் குடியிருக்கச் சிறு வீடு கொடுத்தார். அந்த வீட்டில் உட்கார்ந்துதான் புத்தகங்களைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தார். "கர்வமும் தப்பெண்ணமும்" உரிமைக்கு 150 பவுன் கேட்டார். கிடைத்தது 110. டார்சியின் நாலு நாள் வருமானம்!

நம் ஊர்ப் பத்திரம்

இதெல்லாம் இருநூறு வருஷத்துப் பழைய சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. பெண்ணுக்குப் பிதுரார்ஜித சொத்தில் பிள்ளைக்குச் சமமான உரிமை தமிழ்நாட்டில் 1989-ல்தான் சட்டமாயிற்று. அதிலும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆன பெண்களுக்கு இல்லை. 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தத் தடையும் போயிற்று. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தது. கேட்பது நிற்கவில்லை.

சட்டம் வந்தும் பதிவு அலுவலகத்தில் என்ன நடக்கிறது? "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி, அக்காள் தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்று அவளும் போடுகிறாள். செங்கற்பட்டுப் பக்கத்தில் நிலத்தின் விலை ஏறியிருக்கிற இந்தக் காலத்தில் அந்தக் கையெழுத்தின் மதிப்பு என்ன என்று கணக்குப் பாருங்கள்.

மாமல்லபுரம் சாலையில் இன்று கடலைப் பார்த்தபடி விடுதிகளில் கல்யாணம் நடக்கிறது. மணமக்கள் கடற்கரைக் கோயில் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. விடுதி வாடகையை யார் தலையில் கட்டினார்கள் என்பது படத்தில் விழுவதில்லை.

2000-ஆம் ஆண்டில் "கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" படம் வந்தது நினைவிருக்கும். ஐஸ்வர்யா ராயும் தபுவும் அக்காள் தங்கையாக நடித்தார்கள். தாத்தாவின் உயிலால் வீட்டை இழந்து, தாயோடு சென்னைக்கு வந்து கஷ்டப்படுவார்கள். அது ஜேன் ஆஸ்டினின் "சென்ஸ் அண்டு சென்சிபிலிட்டி" என்ற நாவலைத் தழுவியது. 1811-ல் சீமையில் வந்த கதை. செட்டிநாட்டு வீட்டில் வைத்து எடுத்தபோது யாருக்கும் அந்நியமாகப் படவில்லை.

அத்தை மகளும் தம்பியும்

அத்தை மகள் எலைசா என்ன ஆனாள்? பிரான்சு தேசத்துப் பிரபு ஒருவரை மணந்தாள். புரட்சியில் 1794-ல் அவர் தலையை வெட்டிவிட்டார்கள். அதன் பிறகு 1797-ல் ஜேனின் சகோதரர் ஹென்ரியை மணந்தாள். மாமன் மகன்! இந்த ஒரு கல்யாணமாவது நம் முறைப்படி நடந்தது. ஹென்ரியைவிட அவள் பத்து வயது மூத்தவள். ஊர் அதையும் பேசியது.

"கர்வமும் தப்பெண்ணமும்" வெளிவந்த மூன்றாம் மாதம் எலைசா இறந்தாள். ஜேன் பக்கத்தில் இருந்தார். நாலு வருஷம் கழித்து, 1817 ஜூலை 18-ல் ஜேனும் இறந்தார். வயது 41. அதுவரை ஒரு புத்தகத்திலும் அவர் பெயர் அச்சாகவில்லை. "ஒரு பெண்மணி எழுதியது" என்றுதான் முதல் புத்தகத்தில் போட்டார்கள். அவர் இறந்த பிறகு வந்த புத்தகத்தில், எழுதியவர் என் சகோதரி ஜேன் ஆஸ்டின் என்று ஊருக்கு எழுதிச் சொன்னவர் ஹென்ரி. அதாவது கடலூரில் கல்யாணம் செய்துகொண்ட அந்த அத்தையின் மருமகன்.

கடைசித் தம்பி சார்லஸ் கடற்படையில் சேர்ந்து பெரிய தளபதி ஆனார். 1852-ல் பர்மா யுத்தத்துக்குப் போனவர், அங்கே ஆற்றில் கப்பலிலேயே நோய் கண்டு இறந்தார். உடலைச் சீமைக்குக் கொண்டு போகவில்லை. திருகோணமலையில் புதைத்தார்கள். கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது.